பாவ்லோவ்ஸ்கில் மூன்று நாள், ஸ்டேஷனில் ஒரு நாள்

முதல் நாள்

ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் வந்து இறங்கியவர்கள் மறுநாள் காலை ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியக வாசலில் வரிசையில் நிற்பார்கள். நான் விதெப்ஸ்கி ரயில் நிலையத்தில் போய் நின்றேன். ரயில்வேயில் 31 வருடம் குப்பை கொட்டியவன், அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் மாஸ்டராக. "இவ்வளவு தூரம் பறந்து வந்தும் உங்களுக்கு ஸ்டேஷன்தானா?" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை. உள்ளே நுழைந்து அந்தப் படிக்கட்டையும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையும் பார்த்த பிறகு அவளும் ஒன்றும் சொல்லவில்லை. 1904இல் கட்டி முடித்த கட்டடம். இரும்பைக் கொடிபோல வளைத்திருக்கிறார்கள். நம் பாட்டி வீட்டு ஜன்னல் கம்பியில் இருக்குமே ஒரு சுழி, அதே சுழிதான். இங்கே அது மாளிகை அளவுக்கு வளர்ந்து நிற்கிறது.

நான் தேடி வந்தது நடைமேடைப் பக்கம் இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பழைய நீராவி இன்ஜின், பின்னால் குதிரை வண்டிபோலச் சின்னப் பெட்டிகள். அசல் இல்லை, 1987இல் 150ஆம் ஆண்டு நிறைவுக்காகச் செய்து வைத்த மாதிரி. ரஷ்யாவின் முதல் பயணிகள் ரயில் 1837இல் இந்த இடத்திலிருந்துதான் கிளம்பியது. போட்டவர் கெர்ஸ்ட்னர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர். பனிக்காலத்தில் ரயில் ஓடாது, இந்தக் குளிருக்கு இதெல்லாம் சரிப்படாது என்று பெரிய மனிதர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். கெர்ஸ்ட்னர் தானே இன்ஜினில் ஏறி ஓட்டிக் காட்டினார்.

அகலம் ஆறடி, அதாவது 1829 மி.மீ. நம் பிராட்கேஜ் 1676. அதைவிட அரை அடி அகலம்! பிறகு ரஷ்யா அகலத்தைக் குறைத்துக்கொண்டது, அது வேறு கதை.

எனக்குப் பல வருடமாக உறுத்திய விஷயம் அந்தத் தடம் போய் முடிந்த இடம். முதல் ரயிலை ஒரு துறைமுகத்துக்கோ சந்தைக்கோ ஆலைக்கோ போடுவார்கள். நம்மிடம் கேட்டாலும் அப்படித்தான் திட்டம் எழுதிக் கொடுப்போம். இவர்கள் முதலில் ஜார்ஸ்கோயே செலோ அரண்மனைக்கும், 1838இல் அதைத் தாண்டி பாவ்லோவ்ஸ்க் அரண்மனைப் பூங்காவுக்கும் போட்டார்கள். மொத்தமே 27 கிலோமீட்டர் சொச்சம். கடைசி ஸ்டேஷன் ஒரு பூங்காவுக்கு நடுவில்!

பூங்காவுக்குள் ரயில் விட்டால் டிக்கெட் யார் வாங்குவார்கள்? அதற்குக் கம்பெனிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஸ்டேஷனையே கச்சேரி மண்டபமாகக் கட்டினார்கள். சாப்பாடு, நடனம், இசை, பிறகு கடைசி ரயிலில் வீடு. லண்டனில் வாக்ஸ்ஹால் என்று ஒரு கேளிக்கைத் தோட்டம் இருந்தது. அந்தப் பெயரையே இதற்கும் வைத்தார்கள். ரஷ்ய வாயில் அது 'வக்சால்' ஆயிற்று. நாளாவட்டத்தில் நாடு முழுக்கப் பெரிய ரயில் நிலையம் எதுவானாலும் வக்சால்தான். இன்று நான் நின்ற இடத்தின் பெயரும் 'விதெப்ஸ்கி வக்சால்'. ஒரு பாட்டுக் கொட்டகையின் பெயரைத்தான் இந்த நாட்டு ஸ்டேஷன்கள் எல்லாம் சுமந்துகொண்டிருக்கின்றன. இதற்காகவே பாவ்லோவ்ஸ்க்கைப் பார்க்க வேண்டும் என்று வேலையில் சேர்ந்த புதிதில் நினைத்தேன். ஓய்வு பெற்றபின்தான் வாய்த்தது.

வருகிறவர்களுக்கு ஒரு விஷயம்: வெளிநாட்டு வங்கிகள் கொடுக்கும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 முதல் இங்கே எடுபடுவதில்லை. ரொக்கமாகக் கொண்டுவந்து ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், கஜானா எல்லாம் தம்பி மகன்தான். இங்கே மருத்துவம் படிக்கிறான், ஐந்தாம் வருடம். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் எட்டு மணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள்

ஒன்பதரைக்கு வந்தான். தேர்வுக்குப் படித்து இரவு தூங்கவில்லையாம். எலெக்த்ரிச்காவில் (மின்சார ரயிலை இப்படித்தான் சொல்கிறார்கள்) ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். நான் ஸ்டேஷன் பெயர்களை ரஷ்ய எழுத்தில் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். 'ஜார்ஸ்கோயே செலோ' வந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்தது. ஏதோ ஒரு வேகத்தில் நானும் எழுந்து, அவனை உலுக்கி, மனைவியை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கதவு மூடியபிறகு அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பெரியப்பா, நாம இறங்க வேண்டியது இது இல்ல" என்றான்.

முப்பத்தொரு வருடம் மற்றவர்களைச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டவன் நான். மனைவி சிரித்த சிரிப்பை இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த வண்டிக்கு நடைமேடையில் அரை மணி நேரம் நின்றோம். 7 டிகிரி. மப்ளர் கொண்டுவந்தது நல்லதாயிற்று.

பாவ்லோவ்ஸ்கில் இறங்கிச் சாலையைக் கடந்தால் பூங்கா வாசல். பழைய வக்சால் இப்போது இல்லை, போரில் போய்விட்டது. இன்றைய ஸ்டேஷன் பூங்காவுக்கு வெளியே சாதாரணமாக நிற்கிறது. உள்ளே, மரங்களுக்கு நடுவே அது இருந்த இடத்தைத் தம்பி மகன் காட்டினான். புல்வெளி, நடைபாதை, வண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு அம்மா. அவ்வளவுதான். 1856இலிருந்து பத்து கோடைகாலம் இங்கே வந்து இசைக்குழு நடத்தியவர் வியன்னாவின் யோஹான் ஸ்ட்ராஸ், வால்ட்ஸ் மன்னர். (அதே 1856இல்தான் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் வண்டி போனது. எனக்கு வருடங்கள் இப்படித்தான் ஞாபகம் இருக்கும்.) 1865இல் ஒரு மாணவன் எழுதிய நடன இசையை ஸ்ட்ராஸ் இங்கே வாசித்தார். அந்த மாணவன் சைக்கோவ்ஸ்கி. அவருடைய இசை பொதுமேடையில் ஒலித்தது அதுவே முதல்முறை. சாயங்காலக் கச்சேரிக்குக் கூட்டம் வருவதற்காக ஒரு ரயில் கம்பெனி செய்த ஏற்பாட்டில் இதுவும் நடந்தது.

பூங்கா சுமார் 600 ஹெக்டேர். 1500 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று திட்டம் போட்டு வராதீர்கள். லிண்டன் மரச் சாலை வழியாக நடக்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் மனைவி உட்கார்ந்துவிட்டாள். களைப்பால் இல்லை. செம்பழுப்பு அணில் ஒன்று அவள் காலடியில் வந்து நின்றது. முதுகில் மூன்று கோடு கிடையாது, காதில் குஞ்சம் வைத்த அணில். உள்ளூர்க்காரர்கள் பையில் கொட்டை கொண்டுவந்து கையை நீட்டுகிறார்கள். அது ஏறி வந்து எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் தன் பொட்டலத்திலிருந்து நாலு கொட்டையை மனைவி கையில் வைத்து, ஏதோ சொல்லி, கையை ஆட்டாமல் நீட்டும் விதத்தைச் செய்து காட்டினார். இருவருக்கும் ஒரு வார்த்தை பொதுவாக இல்லை. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் திடீரென்று நிலம் இறங்குகிறது. ஸ்லாவ்யான்கா என்று ஒரு சின்ன ஆறு. ஆறு என்பதே கொஞ்சம் அதிகம்தான், வாய்க்கால் என்றாலும் தப்பில்லை. அதைத் தேக்கி, வளைத்து, அகலமாக்கி, இரண்டு கரையிலும் மரம் வைத்து ஒரு பள்ளத்தாக்கைச் செய்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசி வாரம். பிர்ச் மரங்கள் மஞ்சள், மேப்பிள் சிவப்பு, நடுவில் ஃபிர் மரங்கள் கறுப்பு என்று சொல்லும்படியான பச்சை. எல்லாம் தண்ணீரில் தலைகீழாக. மேட்டுக்கு மேலே மஞ்சளும் வெள்ளையுமாக அரண்மனை. நான் அழகில் சீக்கிரம் மயங்குகிறவன் இல்லை. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இதெல்லாம் எப்படி வந்தது? 1777இல் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்கு முதல் பேரன் பிறந்தான், பின்னாளில் நெப்போலியனை வென்ற முதலாம் அலெக்சாந்தர். மகிழ்ச்சியில் மகன் பாவெலுக்கும் மருமகள் மரியா ஃபியோதரோவ்னாவுக்கும் இந்தக் காட்டைப் பரிசாகக் கொடுத்தார். அதுவரை இது அரச குடும்பத்தின் வேட்டைக்காடு. மாமியார் மருமகளுக்குக் கொடுத்த சீதனம் என்று மனைவி சொன்னாள். உள்குத்து இல்லாத சீதனம் உண்டா? பக்கத்தில் ஜார்ஸ்கோயே செலோவில் கேத்தரின் தனக்காக வைத்திருந்த ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கேமரனையே இங்கேயும் அனுப்பினார். மகனுக்கும் அம்மாவுக்கும் ஆகாது. பாவெலின் அப்பா மூன்றாம் பீட்டரை இறக்கிவிட்டுத்தான் அந்த அம்மா அரியணை ஏறினார். இறக்கப்பட்டவர் சில நாளில் கொல்லப்பட்டார். அதைப் பாவெல் கடைசிவரை மறக்கவில்லை.

கேமரன் இங்கே முதலில் கட்டியது 'நட்புக் கோயில்'. ஆற்று வளைவில், 16 டோரிக் தூண்கள் சுற்றி நிற்கும் வட்டக் கட்டடம். கேத்தரினுக்கு நன்றி காட்டுவதற்காக. உள்ளே அவரைத் தானிய தேவதையாக வடித்த சிலை. வாயளவில்கூட ஒட்டாத உறவுக்கு இவ்வளவு அழகான நன்றி! ரஷ்யாவில் கிரேக்க டோரிக் பாணியில் எழுந்த முதல் கட்டடமும் இதுதான் என்கிறார்கள்.

அதைவிட என்னைக் கட்டிப்போட்டது எதிர்ப்பக்கச் சரிவில் நிற்கும் அப்பல்லோ தூண் மண்டபம். இதையும் கேமரன்தான் கட்டினார், முழு வட்டமாக. பிற்பாடு பக்கத்தில் அருவி ஒன்று விட்டார்கள். 1817இல் ஒரு மழைப் புயலில் நீர் அடிமண்ணை அரித்துத் தூண்களில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. மரியா ஃபியோதரோவ்னா பார்த்தார். விழுந்த கற்களுக்கு நடுவே அப்பல்லோ சிலை பள்ளத்தாக்கைப் பார்த்துத் தனியாக நின்றது. "இதுவே நன்றாக இருக்கிறது" என்று அப்படியே விடச் சொல்லிவிட்டாராம். இருநூறு வருடம் கழித்தும் அதே கற்கள் அதே புல்லில் கிடக்கின்றன. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேண்டும்.

திரும்பும்போது பெரிய கல் படிக்கட்டு வழியாக அரண்மனை மேட்டுக்கு ஏறினோம். மேலே இரண்டு சிங்கம், கீழே இரண்டு சிங்கம், 64 படி. அரண்மனைக் குவிமாடத்தைச் சுற்றி நிற்கும் வெள்ளைத் தூண்களும் 64. ஆய கலைகள் கணக்கு இங்கே எப்படி வந்தது என்று கேட்டேன். தம்பி மகன் மூச்சு வாங்கிக்கொண்டு, "படியை மட்டும் எண்ணுங்க பெரியப்பா" என்றான்.

மூன்றாம் நாள்

இன்று சரியான ஸ்டேஷனில் இறங்கினோம்.

அரண்மனை வாசலில் பாவெலின் சிலை நிற்கிறது. தொப்பி, நீளக் கோட்டு, கையில் தடி. அழகன் மாதிரிச் செய்யவில்லை, உள்ளது உள்ளபடி. அவருக்குப் பாவ்லோவ்ஸ்க்கைவிட அணிவகுப்பு மைதானம் வைத்த காட்சினா அரண்மனைதான் பிடித்தது. 1788இல் இந்த இடத்தை மனைவி பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் ஊர்ப் பெயரில் பாவெல் இருந்தாலும் ஒவ்வொரு அறையிலும் இருப்பது மரியாதான்.

வூர்ட்டம்பர்க் நாட்டு இளவரசி. பத்துப் பிள்ளைகள் பெற்றவர், அதில் இரண்டு பேர் பேரரசர்கள். வரைவார், கல்லில் செதுக்குவார், கடைசல் பட்டறையில் தந்தத்தைக் கடைவார், செடிகளின் பெயர்களை லத்தீனில் சொல்வார். 1781-82இல் கணவனும் மனைவியும் 'வடக்குப் பிரபு' தம்பதி என்று வேறு பெயரில் ஐரோப்பா சுற்றினார்கள். யாரென்று எல்லாருக்கும் தெரியும், தெரியாததுபோல் நடிப்பதுதான் மரியாதை. போன ஊரிலிருந்தெல்லாம் கட்டட வேலையைப் பற்றிக் கடிதம் வந்துகொண்டே இருந்ததாம். வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது சொந்தக்காரர் வெளியூர் போனால் கொத்தனாருக்கு வரும் போன்களை நினைத்துக்கொள்ளுங்கள். கேமரனுக்கு ரோமாபுரிச் சுத்தம் வேண்டும், மரியாவுக்குக் குடியிருக்க வசதி வேண்டும். கடைசியில் கேமரன் போனார், இத்தாலியர் பிரென்னா வந்து கட்டடத்தை இருபுறமும் நீட்டினார்.

காலணிக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். முதலில் எகிப்திய முன்கூடம். கறுப்பு எகிப்தியச் சிலைகள் பன்னிரண்டு, மாதத்துக்கு ஒன்று, மேலே அந்தந்த ராசி வட்டம். மனைவி தன் ராசியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் நகர்ந்தாள். மேலே இத்தாலியக் கூடம். குவிமாடத்துக்கு நேர் கீழே வட்டமான அறை, வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்குகிறது, மாடங்களில் பழங்கால ரோமானியச் சிலைகள். பக்கத்தில் கிரேக்கக் கூடம், பச்சைத் தூண் வரிசை. அதன் ஒரு கோடியில் பாவெலுக்குப் 'போர் அறை', மறு கோடியில் மரியாவுக்குச் 'சமாதான அறை'. போர் அறைச் சுவரெல்லாம் ஆயுதம், சமாதான அறையில் பூவும் வாத்தியமும். ஒரே வீட்டில் இரண்டு எண்கோண அறைகளாக ஒரு தாம்பத்தியத்தையே கட்டி வைத்திருக்கிறார்கள். அரசுப் படுக்கையறையில் தங்கக் கட்டில் ஒன்று, காட்சிக்கு மட்டும். அங்கேயே பிரான்சின் பதினாறாம் லூயியும் மரி ஆந்துவானெத்தும் கொடுத்த செவ்ர் பீங்கான் ஒப்பனைச் சாமான்கள். கொடுத்தவர்கள் இரண்டு பேருக்கும் பத்து வருடம் கழித்து நடந்தது உங்களுக்குத் தெரியும், புரட்சியில் தலை போனது. வாங்கிக்கொண்டவருக்கு 1801 மார்ச்சில்: சொந்த அதிகாரிகளே படுக்கையறையில் புகுந்து பேரரசர் பாவெலைக் கொன்றார்கள், பீட்டர்ஸ்பர்க்கில் அவர் பயந்து பயந்து கட்டிக்கொண்ட மிகைலோவ்ஸ்கி கோட்டைக்குள்ளேயே.

இரண்டு வருடம் கழித்து, 1803இல், இந்த அரண்மனை எரிந்தது. புகைபோக்கியில் பிடித்த தீ. மரியா விதவை, ஆனால் விடவில்லை. திரும்பக் கட்ட வந்தவர் வோரோனிஹின், பிரபு ஒருவரின் பண்ணையடிமையாகப் பிறந்து, விடுதலையாகி, கசான் பேராலயத்தைக் கட்டியவர். இன்று நாம் ரசிக்கிற பல அறைகளில் கேமரனும் பிரென்னாவும் வோரோனிஹினும் ஒருவர்மேல் ஒருவராக இருக்கிறார்கள்.

இதுவரை சாதாரண அரண்மனைக் கதை. ஓர் இடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வைத்திருந்தார்கள். கூரை இல்லாத வட்டச் சுவர், நடுவில் பனி, கருகிய செங்கல். எந்த இடம் என்று பார்த்தேன். நாங்கள் ஐந்து நிமிடம் முன்பு நின்ற இத்தாலியக் கூடம்.

1941 செப்டம்பரில் ஜெர்மன் படை பாவ்லோவ்ஸ்க்கைப் பிடித்தது. அதற்கு முன் சில வாரமே அவகாசம். அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தவர் அன்னா ஸெலெனோவா, வயது 28. எல்லாவற்றையும் அனுப்ப நேரமும் இல்லை, பெட்டியும் இல்லை, ரயிலும் இல்லை. அதனால் ஒரு முடிவெடுத்தார்கள்: ஒரே மாதிரி நாற்காலி பன்னிரண்டு இருந்தால் ஒன்றை அனுப்பு, மிச்சத்தை விடு. ஒன்று இருந்தால் போதும், அதைப் பார்த்து மறுபடி செய்துகொள்ளலாம். அரண்மனை இன்னும் முழுசாக நிற்கும்போதே அது அழியும், அப்புறம் நாம் திரும்பச் செய்வோம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது.

பூங்காச் சிலைகளைத் தோண்டிப் புதைத்தார்கள். பளிங்கில் செய்த மூன்று அழகுத் தேவதைகளை அவர்களுடைய மண்டபத்துக்குப் பக்கத்திலேயே மண்ணுக்குள் இறக்கினார்கள். தூக்கவே முடியாத ரோமானியச் சிலைகளை நிலவறையில் ஒரு மூலையில் நெருக்கி வைத்துக் குறுக்கே செங்கல் சுவர் எழுப்பி, புதுச் சுவர் என்று தெரியாதபடி அழுக்கும் பூசினார்கள். எதிரி ஊருக்குள் நுழைந்த பிறகு ஸெலெனோவா ஆவணங்களோடு லெனின்கிராதுக்கு (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) நடந்தே போனார். ஜெர்மன் படை அந்த நகரை வளைத்திருந்த முற்றுகைக் காலம் முழுக்க ஈசாக் பேராலயத்தின் குளிர்ந்த நிலவறையில், மற்ற அரண்மனைகளிலிருந்து வந்த பெட்டிகளைக் காத்தவர்களில் அவரும் ஒருவர். வெளியே சனங்கள் பட்டினியில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

1944 ஜனவரி 24 அன்று பாவ்லோவ்ஸ்க் விடுபட்டது. ஸெலெனோவா மறுபடி நடந்துதான் வந்தார். அரண்மனை எரிந்து கூடாகியிருந்தது. பூங்காவில் சுமார் 70,000 மரங்களை வெட்டியிருந்தார்கள், பாலங்களைத் தகர்த்திருந்தார்கள், எங்கும் கண்ணிவெடி. அலெக்சாந்தர் பாரிஸிலிருந்து வெற்றியோடு திரும்பியபோது அம்மா அவருக்கு விருந்து வைத்த ரோஜா மண்டபத்தைப் பிரித்து அதன் மரத்தில் பதுங்குகுழி போட்டிருந்தார்கள். ஸெலெனோவா நிலவறைக்குப் போனார். சுவர் அப்படியே இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் மாடியில் குடியிருந்தவர்களுக்குக் கீழே ரோமாபுரி நிற்பது தெரியவே இல்லை.

நேற்றுச் சொன்ன அப்பல்லோ மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? போருக்குப் பிறகு இந்த அரண்மனையையும் இடிபாடாகவே விட்டுவிடலாம், அசல் போனது போனதுதான், புதிதாகக் கட்டினால் அது வெறும் போலி என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நியாயமான பேச்சுதான், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் மழை தள்ளிய தூணும் மனிதன் வைத்த தீயும் ஒன்றா? ஸெலெனோவாவும் அவருடைய ஆட்களும் ஒன்றில்லை என்றார்கள். சாம்பலைச் சலித்தார்கள். சுண்ணச் சிற்பத்தின் ஒவ்வொரு துண்டையும் பொறுக்கி, எந்த அறை, எந்த மூலை என்று எழுதி வைத்தார்கள். பட்டுத்துணியைப் பழைய துண்டைப் பார்த்து நெய்தார்கள். 1957இல் முதல் அறைகள் திறந்தன, 1970களில் வேலை முடிந்தது. நாசமான புறநகர் அரண்மனைகளில் முதலில் முழுமையாக எழுந்தது இதுதான்.

சிம்மாசனக் கூடத்தின் மேல்கூரையை அண்ணாந்து பாருங்கள். தூண்கள் வானத்துக்கு உயர்வதுபோல ஓவியம். 1790களில் கொன்ஸாகா என்ற இத்தாலியர் இதற்கு மாதிரி வரைந்தார், ஆனால் ஏதோ காரணத்தால் யாரும் வரையவில்லை, வெறும் வெள்ளைக் கூரையாகவே இருந்தது. போருக்குப் பின் அந்தப் பழைய மாதிரி கிடைத்தது. ட்ரெஸ்கின் என்ற ஓவியர் சாரம் கட்டி ஏறி வரைந்து முடித்தார். போலி என்றால் இது எதன் போலி? பாவெலே பார்க்காத கூரை.

மனைவி அந்தக் கூடத்துக் காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் சைகையிலேயே "நன்றாக இருக்கிறது" என்றாள். அந்த அம்மாள் எழுந்து, எங்கள் கையைப் பிடித்து, அறை நடுவில் சரியான ஓர் இடத்தில் நிற்க வைத்தார். அங்கிருந்து பார்த்தால்தான் தூண்கள் நேராக நிற்கின்றன.

நான்காம் நாள்

காலையிலிருந்து தூறல். "இன்னிக்கும் அங்கேயா?" என்றான் தம்பி மகன். அவனுக்கு வகுப்பு இருந்தது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். டிக்கெட் கவுன்டரில் 'பாவ்லோவ்ஸ்க், த்வா' என்று நானே கேட்டு வாங்கினேன். த்வா என்றால் இரண்டு.

கூட்டமே இல்லாத தூரத்துப் பகுதிகள் இன்றைக்கு. 'பழைய சில்வியா'வில் ஒரு வட்டம், அதிலிருந்து பன்னிரண்டு பாதைகள் பிரிகின்றன. நடுவில் அப்பல்லோ, சுற்றிலும் கலைத் தேவதைகள், பச்சைக் களிம்பேறிய வெண்கலம். இவர்களும் போரின்போது மண்ணுக்குள் இருந்தவர்கள்தான். எந்தப் பாதையில் போவது என்று குழம்பி நின்றோம். நல்லவேளை, ரயில்வே ஆட்கள் யாரும் பார்க்கவில்லை.

காட்டின் ஓரத்தில், வேறு எதுவும் இல்லாத இடத்தில், மரியா தன் கணவனுக்குக் கட்டிய நினைவு மண்டபம். நாலு தூண் முகப்பு, 'கணவனான கொடையாளனுக்கு' என்று மேலே எழுத்து. உள்ளே மார்த்தோஸ் செதுக்கிய பெண்சிலை தாழிமேல் தலை சாய்த்து அழுகிறது. இது கல்லறை இல்லை, பாவெல் அடங்கியிருப்பது நகரத்துப் பேராலயத்தில். இது மரியா வந்து உட்கார்ந்து அழுவதற்கென்று கட்டிய இடம்போல. நாற்பது ஆண்டுக் குடும்ப வாழ்க்கையெல்லாம் கிடையாது அவர்களுக்கு, இருபத்தைந்துகூட முழுசாக இல்லை. அதிலும் கடைசி வருடங்கள் கசப்பு, பாவெல் வேறு பெண்களை நாடிப் போனார். இருந்தும் இது. நாங்கள் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

கடைசியாக வெள்ளை பிர்ச் பகுதி. கூரை ஓவியத்துக்கு மாதிரி வரைந்த அதே கொன்ஸாகா செய்தது. அவர் நாடகத் திரை வரைகிறவர். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் மரங்களைத் திரைபோல நிறுத்தினார். கையில் தூரிகையோடு நடந்து, எது நிற்க வேண்டும் எது போக வேண்டும் என்று மரத்தில் குறி போடுவாராம். கட்டடம் இல்லை, சிலை இல்லை, நீரூற்று இல்லை. புல்வெளி, ஒரு மேட்டில் பைன், தள்ளி பிர்ச் வெள்ளையாக, நடந்தால் ஒன்று விலகி இன்னொன்று திறக்கிறது. ரஷ்யாவின் வடக்கில் தானாக இப்படித்தான் இருக்கும் என்று பார்ப்பவர் நினைக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் முப்பது வருடம் உழைத்திருக்கிறார். வெட்டுப்பட்ட எழுபதாயிரத்துக்குப் பிறகு அந்தத் திரையை மறுபடி நட்டவர்கள் தங்கள் மரங்கள் இந்த உயரம் வந்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நேற்றுவரை நான் வக்சாலைத் தேடி வந்தவன். இன்று மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூட ரயிலை நினைக்கவில்லை என்பதை, தூரத்தில் எலெக்த்ரிச்கா ஊதியபோதுதான் கவனித்தேன். மனைவி ஒரு பிர்ச் மரத்துக்கு அடியில் நின்று, முந்தாநாள் பாட்டி கொடுத்ததில் மிச்சம் வைத்திருந்த ஒரு கொட்டையைக் கையை ஆட்டாமல் நீட்டிக்கொண்டிருந்தாள். மழையில் அணில் எதுவும் வெளியே வரவில்லை.

"அடுத்த வண்டி நாலு பத்துக்குங்க," என்றாள் கையை மடக்காமலே. "அதுக்கு அடுத்ததுல போலாமா?"